தேர்வாகும் முன்பே செலவு கேட்காதீர்கள்: பன்னாட்டு உதவித்தொகை அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகை ஆணையம், பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைச் செயலகம், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள் மற்றும் இவை போன்ற பிற அமைப்புகளின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தென் தமிழகத்தில் அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர் நான். உங்கள் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்க முனையும் மாணவர்களுக்கும், படிப்பை முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக் கடிதம் எழுதி வருகிறேன். அவர்கள் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒருவர் தேர்வு செய்யப்படும் வரை அவருடைய சொந்தப் பணம் செலவாகும்படியான எந்த நிபந்தனையையும் விதிக்க வேண்டாம். தேர்வான பிறகு ஆகும் செலவுகளுக்கு, ரசீதைப் பார்த்துப் பின்னால் ஈடுசெய்யும் வழக்கத்தை விட்டு, பணத்தை முன்னதாகவே கொடுங்கள்.

உங்கள் நோக்கத்தை ஐயுற எனக்குக் காரணம் எதுவும் இல்லை. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் வித்திட்ட கொழும்புத் திட்டம் 1951-இல் நடைமுறைக்கு வந்து, அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஆசிய மாணவர்களை ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு சென்றது. ஜப்பான் அரசின் உதவித்தொகை 1954-இல் தொடங்கியது. 1959-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய கல்வி மாநாட்டில் காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டம் உருவானது; பின்னர் 1983-இல் இன்றைய செவனிங்கும், 2004-இல் எராஸ்மஸ் முண்டஸும் வந்தன. அந்தப் பழைய நாட்களில் பெரும்பாலும் அரசே பெயர்களை முன்மொழிந்தது என்பதால், செயலகத்தில் ஆள் தெரிந்தவருக்குத்தான் வாய்ப்பு என்ற குறை மக்களிடம் இருந்தது. இன்று கிராமத்தில் இருப்பவரும் கைபேசியிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அன்று சிபாரிசு நின்ற வாசலில் இன்று கைக்காசு நிற்கிறது.

ஆங்கிலத் தகுதித் தேர்விலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் திரும்பிப் போய்விடும் இடம் அதுதான். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை இந்தியாவில் எழுத இப்போது 17,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. எங்கள் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகளில் விரிவுரையாளராகச் சேரும் முதுகலைப் பட்டதாரிக்கு அது ஒரு மாதச் சம்பளம், பலருக்கு அதற்கும் மேலே. தேர்வு மையம் உள்ள நகரத்துக்குப் போய்வரும் செலவும், ஒரு நாள் சம்பளப் பிடித்தமும் தனி. இத்தனைக்கும் அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எழுதுதல் பகுதியில் அரைப் புள்ளி குறைந்து போனால், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம் என்ற வசதி வந்திருக்கிறது. அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை முதல் முறையைப் பயிற்சியாக எண்ணி எழுதிவிட்டு, இரண்டாம் முறை நல்ல மதிப்பெண் வாங்குகிறது. மற்றவருக்கு முதல் முறையே கடன்.

செவனிங் செயலகம் இதைப் படித்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது நாங்கள் ஆங்கிலத் தேர்வு எதையும் கேட்பதில்லையே, அதைப் பல்கலைக்கழகங்களிடம் விட்டுவிட்டோமே என்று சொல்லக்கூடும். உண்மைதான், அந்த மாற்றம் நல்ல மாற்றம். ஆனால் உங்கள் நாட்காட்டியைச் சற்றுப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் விண்ணப்பம் முடிகிறது, ஆண்டின் முற்பகுதியில் நேர்காணல் நடக்கிறது, நிபந்தனையோடு கூடிய தேர்வு முடிவு ஜூன் நடுவில் வருகிறது, பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தை ஜூலை முற்பகுதிக்குள் காட்ட வேண்டியிருக்கிறது. இடையில் இருக்கும் சில வாரங்களில் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்து, எழுதி, முடிவு வாங்கி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவர்கள் கடிதத்தைத் திருத்தித் தருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்ற அச்சத்தில், விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் உதவித்தொகை முடிவு வருவதற்கு வெகு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். விதியில் நீக்கிய செலவை நாட்காட்டி திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. கெடுவை ஆகஸ்டு முதல் வாரத்துக்குத் தள்ள முடியாதென்றால், முடிவை மே மாதத்திலேயே அறிவிக்கலாம்.

பிரிட்டனைப் பொறுத்தவரை, ஆங்கிலத் தேர்வைக் கேட்காமலே விடுவதற்குச் சட்டத் தடையும் இல்லை. பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும் சேரும் மாணவரின் ஆங்கிலத் திறனை, விதிகளைச் சரிவரப் பின்பற்றிய பதிவு கொண்ட பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று அந்நாட்டின் மாணவர் விசா விதிகளே இடம் தருகின்றன. இந்திய மாணவரின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் அங்கே இருக்கின்றன. நேர்காணலில் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரிடம், உங்களுக்கு ஆங்கிலம் வரும் என்பதற்குச் சான்று எங்கே என்று பிறகு கேட்பது எனக்குச் சற்று விந்தையாகவே படுகிறது. கேட்டே தீர வேண்டும் என்றால், நேர்காணலில் தேறியவர்களுக்கு மட்டும் உங்கள் செலவில் அந்தத் தேர்வை நடத்துங்கள்.

அடுத்தது மதிப்பெண் சான்றுகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தெரியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு இணைந்தவை. எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் அதிகாரபூர்வச் சான்றான டிரான்ஸ்கிரிப்ட்டைத் தரும் அதிகாரம் கல்லூரிக்குக் கிடையாது. விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகளான என் மாணவி, ஐரோப்பியப் படிப்பு ஒன்றுக்காக அதைப் பெறப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கட்டணம் கட்டிய சலான், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல் நகல்கள், கல்லூரி முதல்வரின் முகப்புக் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு வந்து, வாரக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் கைக்கு வந்தது ஒட்டப்பட்ட ஒரு பழுப்பு உறை. ஒட்டிய விளிம்பின் குறுக்கே அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. உறை பிரிக்கப்பட்டிருந்தால் செல்லாது என்று மேலே அச்சிட்டிருந்தது. அவர் விண்ணப்பிக்க வேண்டிய இணையதளமோ டிரான்ஸ்கிரிப்ட்டை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக ஏற்றச் சொன்னது. உறையைப் பிரித்தால் பல்கலைக்கழக விதிப்படி செல்லாது, பிரிக்காவிட்டால் விண்ணப்பம் போகாது. இன்னொரு பிரதிக்குப் பணம் கட்டினார். ஒன்றைப் பிரித்து ஸ்கேன் செய்தார், மற்றதை அப்படியே பத்திரப்படுத்தினார். அந்தப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. பிரிக்காத அந்த உறையை ஒருவரும் கேட்கவும் இல்லை.

எங்கள் பல்கலைக்கழகங்கள் திருந்த வேண்டியது எங்கள் பாடு. அதை அவர்களிடம் தனியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களால் செய்யக்கூடியது எளிமையானது. முதல் கட்டத்தில் மாணவர் கையில் இருக்கும் பருவ மதிப்பெண் பட்டியல்களின் நகலையே ஏற்றுக்கொண்டு, டிரான்ஸ்கிரிப்ட்டைத் தேர்வான பின் மட்டும் கேளுங்கள். பொய்யான பட்டியலைத் தந்தவர் அப்போது தானே சிக்கிக்கொள்வார், ஒருவருக்கும் நட்டமில்லை.

பணி அனுபவம் கேட்கும் உதவித்தொகைகளில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. டி.ஏ.ஏ.டி. அமைப்பின் வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கு இரண்டாண்டு பணி அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. வேலை செய்யும் நிறுவனத்தின் முகப்புத்தாளில், தேதி, கையெழுத்து, முத்திரையோடு பரிந்துரைக் கடிதமும் கேட்கிறீர்கள். நாட்டின் வளர்ச்சிப் பணியில் இருப்பவர்களைத் தேடும் உதவித்தொகைக்கு இது நியாயமான கேள்வியே. எனினும் எங்கள் ஊர்ச் சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். இடையில் வேலையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அசலைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளியிடம் போய், நான் வெளிநாடு செல்ல ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்கச் சொல்கிறது உங்கள் படிவம். கேட்டவுடன் வேலை போனாலும் போகும். உதவித்தொகை கிடைக்குமா என்பது அதன் பின் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். தொண்டு நிறுவனங்களில் களப்பணி செய்பவர்கள், பல பள்ளிகளில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கிப் பாடம் எடுப்பவர்கள் ஆகியோரிடம் முகப்புத்தாள் என்ற ஒன்றே இருப்பதில்லை. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு, கூடப் பணியாற்றியவரின் உறுதிமொழி ஆகியவற்றை முதல் கட்டத்துக்குப் போதுமான சான்றுகளாக ஏற்க வேண்டும். முதலாளியின் கடிதத்தைத் தேர்வான பின் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஆறாண்டு வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டம் வாங்கிய கையோடு வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி யோசிக்க முடிகிறவர்கள் ஒரு வகையினர். தங்கையின் படிப்பு, வீட்டுக் கடன், தகப்பனாரின் மருத்துவம் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுப் பிறகுதான் தன்னைப் பற்றி யோசிக்கிறவர்கள் இன்னொரு வகையினர். அவர்களுக்கு அந்த யோசனை வரும்போது ஏழாம் ஆண்டு நடந்துகொண்டிருக்கும்.

தேர்வான பிறகு நிலைமை மாறிவிடும் என்றுதான் குடும்பங்கள் நம்புகின்றன. காமன்வெல்த் உதவித்தொகையில் கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், மாதப்படி எல்லாம் அடங்கும். குளிருக்கு உடை வாங்கவும் ஒரு படி உண்டு என்பதை அறிந்தபோது, யாரோ ஒருவர் எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பார்த்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பிரிட்டன் விசாவுக்கு இந்தியர்கள் எடுக்க வேண்டிய காசநோய்ப் பரிசோதனைக்கு முதலில் கைப்பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை இருக்கும் பெருநகரத்துக்குப் போய்வருவது அவரவர் பொறுப்பு. பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாயை யாரும் திருப்பித் தருவதில்லை. தனித்தனியே சிறு தொகைகள்தாம். ஆனால் இவை எல்லாம் இரண்டு மூன்று வாரங்களுக்குள் வந்து விழுகின்றன; அவற்றைச் சமாளிக்க நகை அடகுக் கடைக்குப் போனவர்களை நான் அறிவேன்.

எராஸ்மஸ் முண்டஸ் இதைவிடக் கடினமானது. மாதம் 1,400 யூரோ என்பது தாராளமான தொகை என்பதில் ஐயமில்லை. கல்விக் கட்டணமும் கிடையாது. ஆனால் 2021-இல் தொடங்கிய புதிய விதிமுறைப்படி பயணச் செலவு, விசாச் செலவு, புதிய ஊரில் குடியமரும் செலவு எல்லாமே அந்த மாதத் தொகைக்குள் அடக்கப்பட்டுவிட்டன. முன்பு பயணத்துக்கென்று தனியே தரப்பட்டு வந்த பணம் இப்போது இல்லை. மாதத் தொகையோ பொதுவாக மாணவர் அங்கே போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வருகிறது. விமானச் சீட்டு, விசா, அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை என எல்லாவற்றையும் முதல் யூரோ கைக்கு வருவதற்கு முன்பே புரட்டியாக வேண்டும். தவிரவும் இந்தப் படிப்புகளின் அமைப்பே ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிப்பது என்பதால், ஒவ்வொரு முறை இடம் பெயரும்போதும் இதே கதை சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குத் தரப்போகும் பெருந்தொகையில் முதல் இரண்டு மாதத் தொகையைப் பயணத்துக்கு முன் மாணவரின் இந்தியக் கணக்கில் செலுத்துவதால் கூட்டமைப்புகளுக்குக் கூடுதல் செலவு ஒரு யூரோ கூட ஆகாது.

நிதி நெருக்கடியைக் காட்டி இதற்கு மறுமொழி வரக்கூடும் என்பதை அறிவேன். பிரிட்டன் தன் வளர்ச்சி உதவியை 2021-இல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது, 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்க அரசு 2025 தொடக்கத்தில் நிதியை நிறுத்தி வைத்தபோது, அந்த அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்த மாணவர்களுக்கே மாதப்படி ஒழுங்காக வராமல் போனது. இத்தகைய காலத்தில் இடங்களைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருக்கும் இடங்களுக்கான பணத்தைச் செலவிடும் வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இன்னொரு மறுமொழியும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு. கட்டணமும் ஆவணங்களும் இருந்தால்தான் அக்கறை இல்லாதவர்கள் விலகுவார்கள், இல்லாவிட்டால் விண்ணப்பங்கள் குவிந்துவிடும் என்பது அந்த வாதம். விலகுவது யார் என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. பெருநகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அக்கறை இருக்கிறதோ இல்லையோ, பெற்றோர் தந்த பணத்தில் ஒரே ஆண்டில் அரை டஜன் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கிறார். எங்கள் பிள்ளை ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கும் தகுதி உண்டா என்று பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, கடைசியில் தேர்வுக் கட்டணத்தைப் பார்த்து நின்றுவிடுகிறது. விண்ணப்பங்கள் குவியும் என்ற கவலை உண்மையானது என்றால், முதல் கட்டத்தில் ஒரு சிறு கட்டுரையும் மதிப்பெண் பட்டியலும் மட்டும் கேட்டு, அதில் தேறியவர்களிடம் மற்றவற்றைக் கேட்பதே முறை.

நீங்கள் விட்ட இடத்தை இங்கே யார் நிரப்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத் தலைநகரங்களின் பேருந்து நிலையத்தைச் சுற்றி வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்களின் பலகைகள்தாம் தென்படுகின்றன. கட்டணம் கட்டிச் சேரும் மாணவருக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் முகவருக்குத் தரகுத் தொகை தருகிறது. உங்கள் உதவித்தொகையில் சேருபவரால் அவருக்குப் பெரும்பாலும் எந்த வரும்படியும் இல்லை. ஆகவே உதவித்தொகை பற்றிக் கேட்டு வரும் பெற்றோருக்கு அங்கே கிடைப்பது, அதெல்லாம் லட்சத்தில் ஒருவருக்கு என்ற பதிலும், கல்விக் கடனுக்கான விண்ணப்பமும்தான். உங்கள் விதிமுறைகளைத் தமிழிலும், உங்கள் திட்டங்கள் சென்று சேரும் நாடுகளின் மற்ற மொழிகளிலும் சுருக்கமாக வெளியிட்டால், பெற்றோரும் அதைப் படித்து முடிவெடுப்பார்கள்.

நான் கேட்பது நடக்கக்கூடியதுதானா என்ற ஐயம் இருந்தால் ஜப்பானைப் பாருங்கள். தூதரகப் பரிந்துரை வழியாக அந்நாட்டு அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவரிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. ஆவணங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தூதரகமே ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுத்துத் தேர்வு வைத்து, நேர்காணலும் நடத்துகிறது. மருத்துவச் சான்று, நகல்கள் என்று அங்கும் சில செலவுகள் இருக்கவே செய்கின்றன. ஆனாலும் எங்கள் மாணவர் ஒருவர் அதற்கு விண்ணப்பித்துத் தோற்றால், தோல்வியோடு மட்டும் வீடு திரும்புகிறார். கடன் அவரோடு சேர்ந்து வருவதில்லை.

காமன்வெல்த் ஆணையத்தின் பகிர்வு உதவித்தொகையில், இந்த உதவி இல்லாமல் பிரிட்டனில் படிக்க வசதியில்லாதவராக இருக்க வேண்டும் என்பதையே தகுதி விதியாக வைத்திருக்கிறீர்கள். அந்த விதியை எழுதியவர்கள், வசதியற்றவர் அந்த விண்ணப்பம் வரை எப்படி வந்து சேர்வார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4-பி என்ற உட்பிரிவு, வளரும் நாடுகளுக்கான உதவித்தொகைகளின் எண்ணிக்கையை 2020-க்குள் கணிசமாக உயர்த்தச் சொன்னது. எண்ணிக்கையையும் எந்த நாடுகளுக்கு முன்னுரிமை என்பதையும் சொன்ன அந்த வாசகத்தில், அந்த நாடுகளில் எந்தப் பொருளாதார நிலையில் உள்ள மாணவருக்கு அவை போக வேண்டும் என்பது இடம்பெறவில்லை. உங்கள் அரசுகள் இந்த உதவித்தொகைகளை வளர்ச்சி உதவிக் கணக்கில் சேர்க்கின்றன. ஜெர்மனியும் பிரான்ஸும் தம் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஆகும் செலவையும் அதே கணக்கில் காட்டுகின்றன. எங்கள் நாடுகளின் பெயரில் கணக்கெழுதப்படும் பணம் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே ஆண்டுதோறும் சில விவரங்களை வெளியிடுங்கள்: தேர்வானவர்களில் எத்தனை பேர் தம் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், எத்தனை பேர் மாநிலத் தலைநகரங்களுக்கு வெளியே உள்ள கல்லூரிகளில் படித்தவர்கள், விண்ணப்பத்தைத் தொடங்கி முடிக்காமல் விட்டவர்கள் எந்தப் பக்கத்தில் விட்டார்கள், நிபந்தனையோடு தேர்வாகியும் கடைசியில் சேராதவர்கள் என்ன காரணத்தால் சேரவில்லை. இவற்றில் பெரும்பாலானவை உங்கள் கணினிகளிலேயே இருக்கும். மற்றவற்றைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். அடுத்த சுற்று விண்ணப்பங்கள் திறக்கப்படும் முன், எந்தெந்த ஆவணங்களையும் தேர்வுகளையும் உதவித்தொகை முடிவுக்குப் பின் தள்ளிவைக்க முடியும், எவற்றைத் தள்ளிவைக்க முடியாது, முடியாததற்குக் காரணம் என்ன என்பதை உங்கள் இணையதளங்களிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென் தமிழகக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்